வரிசை எண் அறுபத்தொன்று

ஜனவரி 5

இன்று முதல் நான் பழிவாங்கப் போகிறேன். காலை பதினொரு மணிக்கு முடிவெடுத்தேன். அதற்கு முன்பே மாட்டை மாற்றிக் கட்டி, மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு வட்டில் சாமைச்சோறு தின்றாயிற்று. வெறும் வயிற்றோடு பழிவாங்கினால் கை நடுங்கும்.

எழுதுகிறவன் வேடியப்பன். வயது ஐம்பத்தெட்டு, படிப்பு எட்டாவது. ஊஞ்சக்காடு என்னும் இம்மலையூரின் முடிசூடாச் சக்கரவர்த்தி. பாய்ந்து வந்த சிறுத்தையின் வாய்க்குள் இடது கட்டைவிரலை விட்டு அதன் நாக்கைப் பிடித்துத் திருகியவன். விரலின் குறுக்கே தழும்பு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வரிசையில் வந்து பார்க்கலாம். எனக்கு ஒரு படைத்தளபதி உண்டு. நான்கு கால், ஒரு வால். பெயரே தளபதிதான்.

இந்த டைரி எதிரியுடையது. பாக்சைட் தோண்ட வந்திருக்கும் கம்பெனி புது வருஷத்துக்குக் கொடுத்தது. சிவப்பு அட்டை, தங்க எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு மண் அள்ளும் இயந்திரத்தின் படம். அவன் காகிதத்திலேயே அவனுக்குக் கருமாதிப் பத்திரிகை எழுதுவேன்.

காரணம் இது. எங்கள் மலை உச்சியில் நெற்றிக்கல் என்று ஒரு பாறை. எங்கள் சிலம்பாயிக்குக் கோயில் இல்லை, கோபுரம் இல்லை. மலை அவள் உடம்பு, அந்தப் பாறை அவள் நெற்றி. என் அக்கா பாப்பாயி நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் ஏறிப்போய் அங்கே விளக்கு வைக்கிறாள். போன வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரன் பாறையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டான். காவலுக்கு நின்றவன் அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

வந்தவள் அழவில்லை, திட்டவில்லை. கிண்ணத்து எண்ணெயைத் திரும்பவும் பாட்டிலில் ஊற்றினாள்.

"எண்ணெ மிச்சமாயிருச்சு தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

அந்த எண்ணெயில் நான் எதிரியை வறுத்தெடுப்பேன். எதிரியின் பெயர் பரந்தாமன். அடிவாரத்துக்காரன், கம்பெனிக்கு எல்லாம் பேசி முடித்துத் தருகிற தரகன்.

ஜனவரி 8

அக்கா மகள் தவமணி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். மலைக்கே ஒரே நர்சு. எங்கள் வன உரிமைக் குழுவுக்குச் செயலாளரும் அவளே. ஊரே மந்தைத் திடலில் கூடியது.

விஷயம் இதுதான். ஊர்ச்சபை கூடிச் சம்மதம் சொல்லாமல் மலையில் கை வைக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. கம்பெனி சர்க்காருக்குச் சம்மதப் பதிவேடு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. போன வருஷம் மார்ச் 24, பள்ளிக்கூடத்தில் ஊர்ச்சபை கூடியதாம். நூற்று நாற்பத்தேழு பேர் சம்மதித்துக் கைரேகை வைத்தார்களாம்.

"நான் நர்சிங் படிச்சவ. எனக்கும் கைநாட்டு!" என்றாள் தவமணி. "அது கெடக்கட்டும். மார்ச் இருவத்துநாலு என்னா நாளு, சொல்லுங்க?"

ஊர் ஒரு நொடி யோசித்தது. பிறகு சிரித்த சிரிப்பில் பலாமரத்துக் குரங்குகள் அடிவாரத்துக்கே ஓடிப்போயின. அன்றைக்கு ஊர் விடுநாள்!

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பங்குனியில் வருவது அது. விடிவதற்கு முன் மனிதர், மாடு, கோழி, கைக்குழந்தை எல்லோரும் வீட்டுக் கதவுகளைத் திறந்துபோட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். சிலம்பாயி இறங்கி வந்து வீடு வீடாக நுழைந்து பானை சட்டியைத் திறந்து பார்ப்பாள். பொழுது சாய்ந்த பிறகே திரும்பலாம். யாராவது உள்ளே தங்கினால் அவன் அவள் கண்ணில் பட்டவன். அடுத்த ஊர் விடுநாள் வரை அவன் செத்தவனாகக் கணக்கு. யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பேச மாட்டார்கள், அவன் பேசினால் காதில் வாங்க மாட்டார்கள். அப்படி ஒருத்தன் செத்து என் பாட்டன் காலத்திலிருந்து கேள்விப்படவில்லை.

"ஒரு குஞ்சு குருவி இல்லாத ஊருல நூத்தி நாப்பத்தேழு பேரு கூட்டம் போட்டிருக்கான் பாரு!" என்று ஊர்க்கவுண்டர் தொடையைத் தட்டினார்.

கலைகிறபோது தவமணி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஒண்ணு கவனிச்சீங்களா மாமா? ஊருல அத்தன பேரு பேரும் இருக்கு. உங்க பேரு மட்டும் இல்ல."

"பெரிய மனுசனை விட்டுட்டானா? இதுக்கே அவனைத் தூக்குல போடணும்" என்று கர்ஜித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜனவரி 9

கையைப் புளி போட்டுத் தேய்த்தேன். சும்மாதான்.

ஜனவரி 18

போரின் முதல் அத்தியாயம். பூனைக்காலிக் காயின் சுணையைச் சுரண்டி ஒரு பொட்டலம் சேர்த்தேன். ஒரு சிட்டிகை போதும், அரிப்பில் யானையும் பரதநாட்டியம் ஆடும். பரந்தாமன் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனபோது அவன் இருக்கையில் தூவினேன். எட்டுத் திக்கும் என் புகழ் பரவக் காத்திருந்தேன்.

அவன் வரவில்லை. கம்பெனியின் இன்ஜினியர் பையன் ஏறி உட்கார்ந்தான். அவன் போட்ட கூச்சலில் மூன்று மலைக்கு அப்பால் மழை பெய்தது. பாவம், நல்ல பையன், போன மாதம் எனக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தவன். தவமணி ராத்திரி முழுக்க அவனுக்கு மருந்து தடவினாளாம்.

தூவும்போது காற்று என் பக்கமும் அடித்திருக்கிறது. அதை விரிவாக எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 29

சப்-கலெக்டர் அலுவலகத்துக்கு ஊரே ஐந்து வேனில் இறங்கிப் போனது. சின்ன வயசு அம்மா. எல்லோரையும் உட்காரச் சொல்லித்தான் பேசினார். தவமணி ஊர் விடுநாளைப் பற்றி எடுத்துச் சொன்னாள். வெற்றி என்றே நினைத்தோம்.

கம்பெனி வக்கீல் எழுந்தான். "அன்றைக்குத் திருவிழா என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். திருவிழா என்றால் ஊர் மொத்தமும் கூடியிருக்கும். சபை நடத்த அதைவிடத் தோதான நாள் ஏது?" என்றான்.

"கூடுற திருவிழா இல்லைங்க, ஊரைவிட்டுப் போற திருவிழா!" என்று ஊர்க்கவுண்டர் கத்தினார்.

"ஊர் காலியாக இருந்ததைப் பார்த்தவர் யார்?" என்றான் வக்கீல்.

காலியான ஊரை யார் பார்த்திருக்க முடியும்? பார்த்திருந்தால் அவர் செத்தவர்.

ரேகைகளை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றாள் தவமணி. அனுப்பலாம், முடிவு வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை வேலை நடக்குமாம். எட்டு மாதத்தில் நெற்றிக்கல் இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும். ஒரு மாதத்துக்குள் யாராவது நேரில் கண்ட சாட்சி இருந்தால் கொண்டுவாருங்கள், நானே ஊருக்கு வந்து விசாரிக்கிறேன் என்றார் சப்-கலெக்டர் அம்மா.

திரும்பும்போது வேனில் நான் இரண்டு வேடிக்கைக் கதை சொன்னேன். எடுபடவில்லை.

பிப்ரவரி 4

போரின் இரண்டாம் அத்தியாயம். பாறையில் துளை போடும் போர் வண்டி ஓட்டுகிற வெளியூர் ஆட்களிடம் போய், நெற்றிக்கல்லைத் தொட்டவனின் தலைமுடி முதலில் உதிரும், பிறகு பல், பிறகு பெண்டாட்டி போய்விடுவாள் என்று கண்ணை உருட்டிச் சொன்னேன். இரண்டு பேர் அன்றைக்கே பஸ் ஏறினார்கள். மூன்றாமவனுக்கு ஏற்கனவே வழுக்கை. "பெண்டாட்டி போறதுக்கு ஏதாச்சும் உத்தரவாதம் உண்டா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தான்.

பிப்ரவரி 11

ஊற்றுத் தண்ணீர் சிவப்பாக வந்தது. மேலே துளை போட்டதில் மண் கலங்கி இறங்கியிருக்கிறது. அக்கா ஒரு குடம் பிடித்து வாசலில் வைத்துவிட்டு, அது தெளிகிறதா என்று பொழுது சாயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தெளியவில்லை.

"அவளுக்கு நெத்தியில அடிபட்டிருக்கு. ரத்தம் வருது" என்றாள்.

இன்றைக்கு நகைச்சுவை எழுதுவதாக இல்லை. பரந்தாமனின் குடல் கயிறாகத் திரிக்கப்பட்டு அதில் என் மாடு கட்டப்பட வேண்டும்.

பிப்ரவரி 14

பரந்தாமனை வழிமறித்தேன். கையில் அரிவாள் இருந்தது. வாழைக்காய் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன், ஆனால் அது அவனுக்குத் தெரியாது.

"வேலையை நிறுத்து. இல்லேன்னா இந்த மலையில உன் நிழல்கூட விழாது" என்றேன்.

அவன் ஜீப்பிலிருந்து இறங்கக்கூட இல்லை. "என்னங்கண்ணே இது, சினிமா மாதிரி? பூனைக்காலி போட்டது நீங்கதான்னு தெரியும். பெரியவருன்னு விட்டேன்." பிறகு சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "மார்ச் இருவத்துநாலு பள்ளிக்கூடத்துல யாரு இருந்தான்னு நான் ஊர்க்கவுண்டர்கிட்ட சொன்னா என்னாவும்? எனக்கு ஒரு கேஸோட போவும். உங்களுக்கு? உங்க அக்காளே உங்களைப் பாடையில ஏத்திருவாங்க. போங்கண்ணே, போயி வாழைக்காய் வெட்டுங்க."

தெரிந்திருக்கிறது அவனுக்கு.

பிப்ரவரி 15

ஒன்றும் எழுதுவதற்கில்லை. மாடு நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 20

தளபதியைத் தவிர யாரும் பக்கத்தில் இல்லை. எழுதிவிடுகிறேன்.

ஊர் விடுநாளன்று காணாமல்போன மாட்டைத் தேடி மறுசரிவுக்குப் போவதாக அக்காவிடம் சொன்னேன். மாடு காணாமல் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பரந்தாமன் காத்திருந்தான். யாரும் தொந்தரவு செய்யாத நாள் எது என்று அவன் கேட்டபோது அந்த நாளைச் சொன்னவன் நானே.

ஊருக்குத் தார்ச்சாலை வரும், நுழைவாயிலில் 'வேடியப்பன் வளைவு' என்று சிமெண்டில் எழுதுவோம், அதற்கு ஊரார் வருகைப் பதிவு வேண்டும் என்றான். எனக்குப் 'பண்பாட்டு ஆலோசகர்' என்று ஒரு விசிட்டிங் கார்டு அச்சடித்து வைத்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவன் என்னை 'சார்' என்றான். ஐம்பத்தேழு வருஷம் கழித்து வந்த சார்.

ஊதா மை டப்பாவைத் திறந்தான். நூற்று நாற்பத்தேழு பேரும் நானேயானேன். பத்துக் கைவிரல், இரண்டு கால் பெருவிரல். ஊர்க்கவுண்டருக்கு என் வலது காலைக் கொடுத்தேன் என்று அப்போது சிரித்தது நினைவிருக்கிறது. இடது கட்டைவிரலைத்தான் அதிகம் பயன்படுத்தினேன். அது நன்றாகப் பதியும். என் பேரை மட்டும் எழுத வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் ஊரில் இருந்ததாக எங்கும் இருக்கக் கூடாது, அதற்காக.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் என்ன தலைப்பு என்று எனக்குத் தெரியாது. மை டப்பா அதை மறைத்திருந்தது.

டப்பாவை அங்கே வைத்தது நான்தான்.

பிப்ரவரி 23

சாக ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்து முடிக்க வேண்டிய வேலைகள்: மிளகு பறிப்பு, கூரை ஓடு மாற்றுவது, எல்லோரிடமும் வம்பு பேசுவது. மூன்றாவதை முதலில் தொடங்கினேன். நேற்றும் இன்றும் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். சிறுத்தைக் கதையை ஆறு வீட்டில் சொன்னேன். கடைசி வீட்டில் அது இரண்டு சிறுத்தையாகிவிட்டது.

"என்னா மாமா, ரெண்டு நாளா ஓயாம பேசறீங்க?" என்று தவமணி கேட்டாள்.

"சேமிச்சு வெக்கிறேன்" என்றேன்.

அவளிடம், சாட்சி கிடைத்துவிட்டது, சப்-கலெக்டர் அம்மாவை வரச் சொல் என்றேன். யார் என்று கேட்டாள். சொல்லவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மார்ச் 2

பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஊர் முழுவதும் தரையில். கம்பெனி வக்கீலும் பரந்தாமனும் நாற்காலியில். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனேன். அரசர்கள் சிரச்சேதத்துக்கும் அலங்காரத்தோடுதானே போவார்கள்.

"ஊரு காலியாத்தான் இருந்திச்சுங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சப்-கலெக்டர் அம்மா கேட்டார்.

"நான் மட்டும் இருந்தேன்."

எனக்குப் பின்னால் தரையில் துணி உரசுகிற சத்தம் கேட்டது. நூற்று நாற்பத்தேழு பேர் என்னை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். என்னைச் சுற்றி ஒரு களம் போடுகிற அளவு இடம் காலியானது.

"பெரியவருக்குத் தண்ணி ஜாஸ்தி போலருக்கு" என்று பரந்தாமன் சிரித்தான்.

"மை டப்பா கொடுங்க" என்றேன். வெள்ளைத்தாளில் இடது கட்டைவிரலை ஊன்றி எடுத்தேன். சப்-கலெக்டர் அம்மா பூதக்கண்ணாடியை வைத்துத் தாளையும் பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பதிவேட்டில் ஐந்தாம் எண், ஒன்பதாம் எண், பன்னிரண்டு, பதின்மூன்று... வாய்விட்டு எண்ணினார். முப்பத்தொரு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே தழும்பு.

"இது எப்படி ஏற்பட்ட தழும்பு?"

பள்ளிக்கூடமே காத்திருந்தது. சிறுத்தை வாசல்வரை வந்துவிட்டது.

"பலாப்பழம் வெட்டறப்ப கத்தி வழுக்கிருச்சுங்க" என்றேன்.

வக்கீல் எழுந்தான். இந்தக் கிழவன் தன்னிச்சையாகச் செய்த மோசடி, கம்பெனிக்கும் திரு. பரந்தாமனுக்கும் சம்பந்தமே இல்லை, இவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே என்றான். பரந்தாமன் வருத்தமான முகத்தோடு தலையாட்டினான். இந்த நிமிஷத்துக்காகத்தான் நான் ஒரு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் போன வாரம்தான் நினைவுக்கு வந்தது.

"அறுவத்தொண்ணுலருந்து அறுவத்துநாலு வரைக்கும் பாருங்கம்மா. அது நாலும் என் ரேகை இல்ல. பத்து விரலையும் வெச்சுக் காட்டறேன், காலையும் காட்டறேன். நான் ஒண்ணுக்குப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள அவசரம்னு இவரே வெச்சிட்டாரு."

பரந்தாமனின் வலது கை மெல்லச் சட்டைப்பைக்குள் போனது. நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் தன் கட்டைவிரலை ஒளிக்க இடம் தேடினான். கிடைக்கவில்லை. நான் வாழ்ந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு இனிப்பான காட்சியைக் கண்டதில்லை. ஆயிரம் பலாச்சுளையைத் தேனில் போட்டாலும் வராத இனிப்பு.

"கையை வெளியே எடுங்க" என்றார் சப்-கலெக்டர் அம்மா.

எடுத்தான். மை வைத்தார்கள். நடுவில் சங்கு போல ஒரு சுழி. அவர் கண்ணாடியை நகர்த்தி அறுபத்தொன்றைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். முறைப்படி சோதனைக்கு அனுப்புவதாகவும் அதுவரை பதிவேடு செல்லாது, வேலை நிற்க வேண்டும், வேலியைப் பிரிக்க வேண்டும் என்றும் எழுதச் சொன்னார். எங்கள் இருவர்மீதும் வழக்குப் பதியவும் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான். நல்ல அதிகாரி.

தவமணி ஆர்டரை வாங்கிக்கொண்டாள். என்னைக் கடந்து போகையில் 'மா' என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அதன் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. விளக்கு வைக்கிறவள்தான் சாவை அறிவிக்க வேண்டும். அக்கா எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"வேடியப்பன்னு எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

பெண்கள் எழுந்தார்கள். ஊர் கலைந்தது.

மார்ச் 5

செத்தவர்களுக்குப் பல வசதிகள் இருக்கின்றன. யாரும் கடன் கேட்பதில்லை. கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. டீக்கடையில் என் முன்னாலேயே என்னைப் பற்றி உண்மையைப் பேசுகிறார்கள். ஊர்க்கவுண்டர், "அந்தச் செத்துப்போன பய எனக்குக் கால் வெரலை வெச்சிருக்கான்யா!" என்று கொதித்தார். மறுப்பதற்கில்லை.

பரந்தாமனைக் கம்பெனி வேலையிலிருந்து தூக்கிவிட்டதாகக் கேள்வி. அடிவாரத்தில் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறானாம். போதாது. அவன் கனவில் தினமும் ஒரு கட்டைவிரல் வந்து கதவைத் தட்ட வேண்டும்.

தளபதி மட்டும் பேசுகிறான். நாய்களுக்கு வழக்கம் கிடையாது.

மார்ச் 11

ஆறு நாளாகக் குரலை எடுக்கவில்லை. இன்று மாட்டிடம் சிறுத்தைக் கதை சொன்னேன். மாடு நம்பவில்லை.

ஊற்றில் தண்ணீர் தெளிந்து வருகிறது. குடம் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 13

வெள்ளிக்கிழமை. வேலியைப் பிரித்த ஆட்கள் காலையில் கம்பிச் சுருள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டைத் தாண்டி இறங்கினார்கள். வாசலில் நின்று ஒவ்வொரு சுருளாக எண்ணினேன். மாலையில் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏறிப்போனாள். இருட்டுகிற நேரம் உச்சியில் சின்னதாக விளக்கு தெரிந்தது. என் வாசலில் இருந்தே தெரிகிறது. இத்தனை வருஷமாக நான் கவனித்ததில்லை.

இறங்கி வரும் வழியில் என் வாசலில் நின்றாள். செத்தவர்களோடு பேசக் கூடாது. ஆனால் செத்தவர்களுக்குப் படையல் வைக்கலாம். தலைவாழை இலையை விரித்தாள். சாமைச்சோறு, அவரைக் குழம்பு, நான் எப்போதும் கேட்டுச் சண்டை போடுகிற கருவாட்டு வறுவல். ஓரமாக ஒரு வெற்றிலை. கை கூப்பி ஒரு கும்பிடு.

தளபதி ஓடிப்போய் வாலை ஆட்டினான். அவள் குனிந்து அவன் காதைத் தடவினாள்.

"தெரியுமாடா தளபதி உனக்கு? அறுவத்தொண்ணாம் நம்பருல எம்பேரு. அதுக்குப் பின்னால மூணும் எங்க வீட்டு ஆளுங்க பேரு. நூத்தி நாப்பத்தேழுலயும் கை கூசாதவனுக்கு அந்த நாலு எடத்துல மட்டும் ஒண்ணுக்கு வந்திருச்சாம்."

தளபதி ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். நான் செத்தவன்.

"இன்னும் நாலு வருசம்" என்றாள் நாயிடம். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வருவேன். எலையை வழிச்சுத் தின்னச் சொல்லு. கருவாடு வெல ஏறிக் கெடக்குது."

அவள் போன பிறகு இலை முன்னால் உட்கார்ந்தேன். வெற்றிலைக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. பரந்தாமன் அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டு, எங்கே கண்டெடுத்தாளோ. 'பண்பாட்டு ஆலோசகர்' என்ற வரியின் மீது சுண்ணாம்பு தடவியிருந்தாள். என் பேரை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது. அடுப்பு மூட்டவில்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

இலையை வழித்துத் தின்றேன். தளபதிக்கு ஒரு முள்கூட இல்லை.